லிஃப்ட் கணக்கு

திபிலீசியின் வடக்கோரம், க்ல்தானியில்
எங்கள் கட்டடத்துக்குப் பதினாறு மாடி, ஒரே லிஃப்ட்.
மேலே போக இருபது தெத்ரி.
கீழே வரக் காசில்லை.
இறங்குவது எந்த ஊரிலும் இலவசம்தானே.

காசுப் பெட்டியின் சாவி என்னிடம்.
மாதக் கடைசியில் சமையலறை மேசையில் கொட்டிப்
பத்துப் பத்தாய் அடுக்குவேன்.
விரல்நுனி கறுத்துப்போகும்.
நூல் கட்டி உள்ளே விட்டு இழுக்கிற காசு ஒன்று
வருஷத்துக்கு இரண்டு முறையாவது
நூலறுந்து விழுந்து கிடக்கும்.
யாருடைய நூல் என்று நான் கேட்டதில்லை.

மார்ச்சில் கம்பெனிக்காரன் வந்தான்.
கூர்முனை ஷூ.
இனிக் காசு வேண்டாம், ஆளுக்கொரு நீல வில்லை,
காட்டினால் போதும் என்றான்.
யார், எந்த மாடி, எத்தனை மணி,
எல்லாம் தானே எழுதிக்கொள்ளும் என்பதை
ஒரு சலுகை போலச் சொன்னான்.

டோமினோ மேசையைச் சுற்றிக் கூட்டம்.
பதினோராம் மாடி நுக்ஸார் மேசையைக் குத்தினான்:
"ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?
சட்டைப்பையை வேண்டுமானாலும் உதறிக் காட்டுகிறேன்."
உதறியும் காட்டினான்.
சூரியகாந்தி விதைத் தோல்.

மருந்துக்கடை லமாரா பாதுகாப்பு என்றாள்,
போன குளிரில் இரண்டு சைக்கிள் காணாமல் போனதே என்றாள்.
போனது படிக்கட்டு வழியாக என்று யாரோ சொன்னது
குறிப்பேட்டில் ஏறவில்லை.
அவள் மகன் தலை நிமிராமல்,
"போன்லயே எல்லாம் போயாச்சு, லிஃப்ட்ல என்ன?"

எட்டாம் மாடி த்ஸியாலா மட்டும் எழுந்து நின்றாள்:
"அப்போது எங்களை எழுதிவைக்க ஓர் ஆள் இருந்தான்.
எதிர் ஜன்னல்.
குடிப்பான், தூங்கிப்போவான்.
அவன் பெண்டாட்டிக்குப் பிரசவமான வாரம்
எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.
இது தூங்குமா?"

கம்பெனிக்காரன் கையேட்டைப் புரட்டினான்.
மின்சாரம் போனாலும்
நாலு மணி நேரம் தாங்கும் என்றான்.

சம்மதம் முப்பத்தொன்று, மறுப்பு நாலு.
நானும் கை தூக்கினேன்,
கறுப்பு விரல்களோடு.

ஏப்ரல் கணக்கு போனுக்கே வந்தது.
அடுக்க வேண்டாம், கை கழுவ வேண்டாம்.
தொகை சரியா என்று பார்க்கத்தான் திறந்தேன்.
தொகை முதல் வரியிலேயே இருந்தது.
நான் நாற்பத்தாறாம் பக்கம் வரை போனேன்.

ஐந்தாம் மாடிப் புதுத் தம்பதியில்
ஒரு வில்லை இருபத்தொரு நாளாக அசையவில்லை.
லமாரா ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் பதினாறாம் மாடி.
அங்கே யாரும் குடியில்லை,
கூரைக்குப் போகிற கதவு மட்டும்.

திங்கட்கிழமை தலைவலி மாத்திரை வாங்கும்போது
"மேலே காற்று எப்படி?" என்று கேட்டுவிட்டேன்.
விளையாட்டாகத்தான்.
மீதிச் சில்லறையை அவள் எண்ணாமல் கொடுத்தாள்.
அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில்
அந்த வரி இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன்.
பதினோராம் மாடி, நுக்ஸார்:
ஏப்ரல் முழுக்கப் பூஜ்யம். மே முழுக்கப் பூஜ்யம்.

நேற்றிரவு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு
லிஃப்ட் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.
கணக்கில் என் பெயரும் உண்டு என்பது
ஏனோ அப்போதுதான் உறைத்தது.
படியேறினேன்.

ஆறாம் மாடித் திருப்பத்தில் பல்பு இல்லை.
இருட்டில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.
பிறகு, பல்லிடுக்கில் ஒரு விதை உடைகிற சத்தம்.

"டாக்டர் நடக்கச் சொன்னார்" என்றான் நுக்ஸார்.
"எனக்கும்" என்றேன்.

அவன் காலடியில் உருளைக்கிழங்கு மூட்டை.
ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன்.
ஏழு. எட்டு.
ஒன்பதில் என் வீடு, நிற்காமல் ஏறினேன்.

பத்தாம் மாடியில் எங்களைத் தாண்டி
லிஃப்ட் மேலே போனது.
கதவிடுக்கில் ஒரு வெளிச்சக் கோடு
அவன் முகத்தில் ஏறி மறைந்தது.
யாராக இருக்கும் என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மாதக் கடைசியில்
எனக்குத் தெரிந்துவிடும்.